மஞ்சள் அட்டைப் புத்தகமும் நம்ம மலைநாட்டுப் பசங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு பத்திரிகையில வாசகர் பக்கத்துல ஒரு பெரியவர் எழுதியிருந்தாரு, ஹட்டன் பக்கம் சில பசங்க மண்டையோடும் பேயுமா படம் போட்ட ஒரு மஞ்சள் புத்தகத்தை நடுவுல வச்சு இருட்டுல உக்காந்து என்னமோ சாத்தான் வேலை பாக்குறாங்கன்னு. ஐயா, அந்தப் பசங்க உக்கார்றது எங்க கடைக்குப் பின்னால இருக்கிற ரூம்ல. இருட்டெல்லாம் இல்ல, ரெண்டு டியூப் லைட் எரியுது, கரண்ட் பில்லு நான்தான் கட்டுறேன். அதனால அந்தப் புத்தகம் என்ன, அதுல பசங்களுக்கு அப்படி என்ன இருக்குன்னு நானே எழுதிடலாம்னு நெனச்சேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் பிரின்டிங் வேலை செய்றவன். கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாண கார்டு, மரண அறிவித்தல், டியூஷன் பேனர், எல்லாம் லேஅவுட் பண்ணிக் குடுப்பேன். அந்தப் புத்தகம் பேரு மொர்க் போர்க், வேஷம் போட்டுக் கதை நடத்துற ஒரு விளையாட்டோட ரூல்ஸ் புத்தகம். சுவீடன்காரங்க ரெண்டு பேரு செஞ்சது, எழுதினது பெல்லே நில்சன்ன்றவரு, படமும் டிசைனும் யோஹான் நோர். இங்கிலீஷ்ல 2020ல ஃப்ரீ லீக்னு ஒரு சுவீடன் பதிப்பகம் வெளியிட்டிச்சு, அதே வருஷம் அமெரிக்காவுல எனீஸ்னு இந்த வகை விளையாட்டுகளுக்குக் குடுக்கிற விருதுல வருஷத்தோட சிறந்த தயாரிப்புன்னு தங்கம் வாங்கினது, சிறந்த லேஅவுட்டுக்கும் அதுக்குத்தான் தங்கம். எங்க கைக்கு வந்தது கட்டார்ல வேலை செய்ற ஒரு பொடியனோட அண்ணன் லீவுல வரும்போது கொண்டாந்த பிரதி.

இது கம்ப்யூட்டர் கேம் இல்ல. போர்டும் கெடையாது. நாலஞ்சு பேரு வட்டமா உக்காந்து ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கிட்டு வாயாலயே கதையை நடத்துறது, ஒருத்தர் மட்டும் கேம் மாஸ்டர், அவரு "முன்னால ஒரு இடிஞ்ச மாதாகோயில், உள்ள யாரோ இருமுற சத்தம் கேக்குது, என்ன செய்றீங்க"ன்னு கேப்பாரு, மத்தவங்க சொல்லணும், நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா தாயக்கட்டை உருட்டணும். 20 பக்கம் உள்ள கட்டை, சாதாரண காரியத்துக்கு 12க்குக் கொறையாம வரணும், அவ்வளவுதான் ரூல்ஸ். இந்த மாதிரி விளையாட்டுல மொதல்ல வந்தது 1974ல அமெரிக்காவுல, அதுல நீங்க வீரன், மந்திரவாதி, போகப் போக பலம் கூடும். மொர்க் போர்க்ல அப்படி இல்ல. ஆயுதம் என்னன்னு உருட்டும்போது 1 விழுந்தா உங்க கையில கெடைக்கிறது ஒரு தொடை எலும்பு. கவசத்துக்கு 1 விழுந்தா கவசமே இல்ல. அனுபவம் வந்து தேறும்போது கூட ஒவ்வொரு திறமைக்கும் கட்டை உருட்டணும், கொறைச்சலா விழுந்தா இருந்ததும் கொறைஞ்சிரும்! குட்டிச்சாத்தான் மாதிரி ஒரு சின்னப் பிசாசு இருக்கு, அது உங்களைத் தாக்கினா அதைத் தேடிப் புடிச்சுக் கொல்லணும், இல்லாட்டி கொஞ்ச நாள்ல நீங்களே அதுவா மாறிடுவீங்க. ஒருநாள் அப்படித்தான் ஒரு பொடியன் மாறிப்போய் மீதி நேரம் பூரா மூக்கைச் சுளிச்சுக்கிட்டு தன் கூட்டாளிங்க மூட்டையிலேயே களவெடுத்துக்கிட்டு இருந்தான், எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. பெரியவர் அந்த நேரம் பாத்திருந்தா என்ன எழுதியிருப்பாரோ தெரியல.

இதுல எல்லாரையும் கட்டிப்போடுறது விடியல்ல உருட்டுற கட்டைதான். அந்த உலகம் அழியப் போகுதுன்னு மொதல்லயே எழுதி வச்சாச்சு. எவ்வளவு சீக்கிரம் அழியணும்ன்றதை மட்டும் ஆரம்பத்துல பேசி முடிவு பண்றாங்க, மெதுவா வேணும்னா 100 பக்கக் கட்டை, அவசரம்னா வெறும் 2 பக்கம். கதையில ஒவ்வொரு நாள் விடியும்போதும் உருட்டுவாங்க, 1 விழுந்தா ஒரு துயரம் அந்த உலகத்துல எறங்கும். ஏழாவது துயரம் வந்தா அத்தோட எல்லாம் முடிஞ்சிச்சு, புத்தகத்தை எரிச்சிருங்கன்னே எழுதியிருக்கு. (நாங்க எரிக்கல, கட்டார் அண்ணன் கொன்னுபோடுவாரு.) நம்ம பசங்க எடுத்தது 6 பக்கக் கட்டை, கணக்குப் பாத்தா சராசரியா நாப்பத்திரண்டு விடியல் வரைக்கும் அந்த உலகம் தாங்கும். அந்தக் கட்டை உருளும்போது ரூம்ல ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்க, போன்ல மெசேஜ் வந்து அடிச்சாலும் எவனும் எடுக்க மாட்டான். இந்தக் காலத்துல ஏ.எல், அதான் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளை எந்த வாத்தியாரால அப்படி உக்கார வைக்க முடியும், சொல்லுங்க.

முடிவு தெரிஞ்ச கதையை எதுக்கு விளையாடணும்னு கேப்பீங்க. மாசி மாசத்துல நம்ம தோட்டத்துல காமன் கூத்து போடுறோமே, மன்மதன் எரிஞ்சு சாம்பலாவான்னு தெரியாமலா தொங்கல் டிவிஷன்லருந்து பனியில நடந்து வந்து விடிய விடிய உக்காந்து பாக்குறோம்? எமன் வர்றான், வீரபத்திரன் வர்றான், சின்னப் பிள்ளைங்க பயந்து அம்மா முந்தானைக்குள்ள ஒளியும், ரதி ஒப்பாரி வைக்கும்போது கொழுந்தெடுக்கிற அக்காமாரெல்லாம் கண்ணைத் தொடச்சுக்குவாங்க. அதுல வேஷம் கட்டுறவன் யாரு? பக்கத்து லயத்து, அதான் தோட்டத்து வரிசை வீட்டு ஆளு. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறவன் ராத்திரி எமனா நிக்கிறான், அவனை யாரும் பேய் புடிச்சவன்னு சொல்லல, விரதம் இருந்தவன்னு மரியாதைதான் குடுத்தோம். படத்தைப் பாத்துப் பயப்படுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நம்ம காளியாத்தா கழுத்துல என்ன மாலை? ஃபேக்டரிக்குப் பக்கத்துல ரோதைமுனிக்கு சுருட்டும் சாராயமும் வச்சு, கண்ணு உருட்டிக்கிட்டு அருவா தூக்கி நிக்கிற சாமியைக் கும்பிட்டு வளந்த ஜனம் நாம, நமக்கு ஒரு சுவீடன்காரன் வரைஞ்ச எலும்புக்கூடு அவ்வளவு புதுசா என்ன?

அப்புறம் அந்த சாத்தான் கதை. இது புதுசு இல்ல ஐயா. 1980கள்ல அமெரிக்காவுலயே இந்த விளையாட்டுகளைப் பத்தி இதே கூச்சல் பெருசா நடந்திச்சு, டீவியில எல்லாம் விவாதம் வச்சாங்க, பிள்ளைகள் சூனியம் படிக்குதுன்னு சொன்னாங்க, கடைசியில ஒண்ணும் நிரூபிக்கல, அடங்கிப் போச்சு.

மெட்டல் பாட்டு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்தப் புத்தகத்தைச் செஞ்சவங்களே இதை ஒரு டூம் மெட்டல் ஆல்பம் மாதிரித்தான் சொல்லிக்கிறாங்க. டூம் மெட்டல்னா வேகமாக் கத்துறது இல்ல, ரொம்ப மெதுவா, பாரமா, கிட்டார் ஆழத்துலருந்து எழும்பி வர்ற மாதிரி இருக்கும். சாவு ஊர்வலத்துல தப்பு அடிக்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல நெஞ்சு காத்துக்கிட்டு நிக்குமே, அந்தக் காத்திருப்புதான் அது. அதுக்கு மூலம் 1970ல மொதல் ஆல்பம் போட்ட பிளாக் சபத், இங்கிலாந்துல பர்மிங்காம்ன்ற தொழிற்சாலை ஊருப் பசங்க. அவங்க கிட்டார்காரரு டோனி ஐயோமி 17 வயசுல தகரம் வெட்டுற ஃபேக்டரியில வேலை செஞ்சாரு, வேலையை விட்டுப் போற கடைசி நாள்ல மெஷின்ல வலது கை ரெண்டு விரல் நுனி போயிருச்சு. அவரு இடது கைப்பழக்கக்காரரு, தந்தியை அமுக்க வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தானே விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டாரு, பின்னால நோவு கொறைய தந்தியைத் தளர்த்தி சுருதியையும் கீழ எறக்கினாரு, அதுலதான் அந்தப் பாரமான சத்தம் பலப்பட்டிச்சு. இதை நான் எங்க பசங்களுக்குச் சொன்னப்போ ஒருத்தன் ஒண்ணும் பேசல, அவன் தாத்தாவுக்கு தேயிலை ஃபேக்டரி ரோலர்ல போன விரல் நெனவுக்கு வந்திருக்கணும். அதுக்கப்புறம் அவன்தான் விளையாட்டு நேரம் அந்தப் பாட்டெல்லாம் மெதுவாப் போட்டு விடுறது. கொழும்புல ஸ்டிக்மாட்டான்னு நம்ம நாட்டு மெட்டல் பேண்ட் ஒண்ணே ரொம்ப வருஷமா இருக்கு, அதையும் போடுவான்.

இனி என் தொழில் பேச்சு. நோட்டீஸ் அடிக்கிறதுல எனக்குச் சொல்லிக் குடுத்தது என்னன்னா, ஒரு பக்கத்துல ரெண்டு எழுத்துருக்கு மேல போடாதே, ஓரம் விடு, கோட்டுக்குள்ள நிக்கணும். இந்தப் புத்தகம் அது எல்லாத்தையும் வேணும்னே ஒடைக்குது. பக்கத்துக்குப் பக்கம் எழுத்துரு மாறுது, ஒரு பக்கம் கண்ணு கூசுற மஞ்சள், அடுத்தது கறுப்பு, திடீர்னு ஒரு ரோஸ் கலர், ஒரு வரி பக்கம் பூரா பெருசா நிக்குது, படத்துல மை தெறிச்சது தெறிச்சபடியே கெடக்கு. ஆனா கட்டை உருட்டும்போது அடிக்கடி தேவைப்படுற விஷயம் அட்டைக்கு உள்பக்கத்துல, தொறந்த உடனே கண்ணுல படுற மாதிரி வச்சிருக்கான். அவசரத்துக்குத் தேடவே வேண்டாம். காட்டுத்தனமா இருக்கிறதுக்குள்ள இவ்வளவு யோசனையான்னு எனக்கு ஆச்சரியம். இன்னொரு விஷயம், படமெல்லாம் எடுத்துட்டு வெறும் எழுத்து மட்டும் உள்ள பதிப்பை அவங்களே இணையத்துல இலவசமாப் போட்டிருக்காங்க. விளையாடுறதுக்கு அது போதும். பசங்க கலர் புத்தகத்தை அப்படியே ஃபோட்டோகொப்பி எடுத்துத் தரச் சொன்னாங்க, முடியாதுடான்னு சொல்லி இந்த இலவசத்தைத்தான் பிரின்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுத்தேன். அதை வச்சுத்தான் விளையாடுறாங்க, ஆனா அந்த ஒரே ஒரு மஞ்சள் புத்தகம் கை மாறிக்கிட்டே இருக்கு, தன் முறை இல்லாதவன் அதைப் பொரட்டிக்கிட்டு இருப்பான். ரூல்ஸைச் சும்மா குடுத்தாலும் படத்துக்காகவே உலகம் பூரா சனம் காசு குடுத்துப் புத்தகம் வாங்குது. படம் வரையறதெல்லாம் சோறு போடுமான்னு நம்ம வீடுகள்ல கேக்குறோமே, அதுக்குத்தான் இதைச் சொல்றேன்.

ஏன் நம்ம பசங்களுக்கு இந்த இருட்டு ஒட்டுதுன்னு பெரியவர் கவலைப்பட்டிருக்காரு. அவரு கவலை நியாயமானது, ஆனா இருட்டு புத்தகத்துலருந்து வரல. 2014 ஒக்டோபர் 29ந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயமெல்லாம் மண்ணுக்குள்ள போனப்போ இந்தப் பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்க, டீவியில பாத்தாங்க. அப்புறம் கொரோனா. அப்புறம் 2022, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு, பால்மா இல்ல, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மழை கொஞ்சம் பலமாப் பேஞ்சாலே மண்சரிவு எச்சரிக்கைன்னு போன்ல வருது, லயத்துல இருக்கிறவங்க எங்க போறது, ஸ்கூல் கட்டடத்துலதான் போய்ப் படுக்கிறாங்க. இப்படி வளந்த பிள்ளைகிட்ட வந்து எல்லாம் நல்லா நடக்கும், பாசிட்டிவா யோசின்னு ஒரு மோட்டிவேஷன் பேச்சாளர் மைக் புடிச்சா அது கொட்டாவி விடுது. இந்த விளையாட்டு அப்படி ஏமாத்தல, ஒலகம் ஒடைஞ்சு கெடக்கு, உன் கையில ஒரு எலும்பும் கொஞ்சம் வெள்ளிக்காசும் இருக்கு, பக்கத்துல மூணு கூட்டாளி இருக்கான், இப்ப என்ன செய்யப் போறன்னு கேக்குது. அவங்களும் யோசிச்சு யோசிச்சு எதாவது செய்றாங்க, பாதி நேரம் செத்துப் போறாங்க, உயிர்ப்புள்ளி சரியா பூச்சியத்துல நின்னா 4 பக்கக் கட்டை உருட்டணும், 4 விழுந்தா ஆள் காலி, ஒடனே சிரிச்சுக்கிட்டே புது ஆள் ஒண்ணை உருட்டி எடுத்துக்கிட்டு வந்து உக்காருவாங்க. எனக்குத் தெரிஞ்சு அந்த ரூம்ல இருக்கும்போதுதான் அவங்க அதிகமாச் சிரிக்கிறாங்க.

ஒரு குறை உண்டு, மறைக்கல. புத்தகம் இங்கிலீஷ், நாலு பேர்ல ஒருத்தருக்குத்தான் சரளமா வாசிக்க வரும், அதனால எப்பவும் அவனே கேம் மாஸ்டர், மத்தவங்க கேக்குறது மட்டும்தான். அப்புறம் சில படமும் சில வரியும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, பத்து வயசுத் தம்பிமாரைக் கூட்டிக்கிட்டு வந்தா நான் உள்ள விடுறதில்ல.

மொழிக்கு வழி இருக்கு. இந்த விளையாட்டோட ரூல்ஸுக்கு ஒத்துப்போற மாதிரி யாரு வேணும்னாலும் சொந்தமாக் கதையும் பிசாசும் எழுதி, விக்கவும் செய்யலாம்னு அவங்க அனுமதிப்பத்திரமே போட்டு வச்சிருக்காங்க, சில நிபந்தனைதான். அதை நம்பி எங்க கூட்டத்துல ஒரு தங்கச்சி, ஏ.எல்லுக்கு சித்திரம் படிக்கிறவ, நம்ம ஊருக்கே ஒரு கதை எழுதிக்கிட்டு இருக்கா. கைவிட்ட தேயிலை மலை, விடியவே விடியாத பெரட்டுக்களம், செத்துப்போன பின்னாலயும் பேர் கூப்பிடுற கங்காணி. ஆயுதத்துல கவ்வாத்துக் கத்தி இருக்கு. ஒரு அட்டை வரைஞ்சிருக்கா பாருங்க, கால்ல ஏறுற அட்டைதான், ஆனா ஒரு லயம் நீளம், வயித்துக்குள்ள உப்பி உப்பித் தெரியுறது ஆளுங்க முகம், எங்க கடை வேஸ்ட் பேப்பரோட பின்பக்கத்துல கறுப்பு போல்பொயின்ட் பேனாவாலயே கோடு கோடா இழுத்து இழுத்து வரைஞ்சது, கிட்டப்போய்ப் பாத்தா ஒவ்வொரு முகமும் வேற வேற ஆளு. "இது யாரு தங்கச்சி"ன்னு ஒரு முகத்தைக் காட்டிக் கேட்டேன். "நம்ம டிவிஷன் ஆளுங்கதான் அண்ணே, நெருக்கிப்புடிச்சு வரைஞ்சேன், உங்களையும் போட்டிருக்கேன்"னா.

அதனால ஆசிரியரே, என் கோரிக்கை இதுதான். உங்க ஞாயிறு சிறுவர் பக்கத்துல இப்ப கம்ப்யூட்டர் செஞ்சு தள்ளுற, ஆறு விரல் வச்ச பிள்ளைகள் படம்தான் வந்துக்கிட்டு இருக்கு, பாக்க நல்லாவே இல்ல. மாசத்துல ஒரு தடவை அரைப்பக்கம் மலையகத்துப் பிள்ளைகள் கையால வரையிற படத்துக்கு விடுங்க, பூவும் சூரியனும்தான் வேணும்னு கேக்காம எது வந்தாலும் போடுங்க, போடுற படத்துக்கு சின்னதா ஒரு தொகையும் குடுங்க. மொதல் படமா அந்த அட்டையை அவகிட்டயும் அவ வீட்லயும் கேட்டுட்டு 300 டிபிஐல நானே ஸ்கேன் பண்ணி அனுப்புறேன், கறுப்போட மஞ்சள் ஒரு கலர் சேர்த்தாப் போதும், உங்க பிரஸ்ஸுக்கு பிளேட் செலவு பெருசா வராது. கடிதம் எழுதின பெரியவர் வர விரும்பினா ஞாயிற்றுக்கெழமை ரெண்டு மணிக்கு மேல வரட்டும், பிளேன்டீ இருக்கு, கட்டையும் ஒரு செட் மிச்சம் இருக்கு.

இப்படிக்கு,
பிரின்டிங் கடைக்காரன்,
ஹட்டன்.