செயலாளரின் ஆண்டறிக்கை: மூன்று மிஷினா, ஒரே மிஷினா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், காட்பாடி, சத்துவாச்சாரி, பள்ளிகொண்டா, குடியாத்தம் பகுதிகளிலிருந்து வெல்டிங் பட்டறையை அரை நாள் மூடிவிட்டு வந்திருக்கும் நம் சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ராணிப்பேட்டை, ஆம்பூர் பட்டறைக்காரர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். நம் லெட்டர்பேடில் இன்னும் மாவட்டத்தின் பழைய பெயரான 'வட ஆற்காடு' என்றே அச்சாகியிருக்கிறது. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் சங்கத்தின் பொதுப் பட்டறையில் நடந்தது. வரவு செலவையும் சந்தா பாக்கியையும் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். பொதுப் பட்டறையின் முன்கேட் அவர் கையால் வெல்டிங் வைத்தது. அத்தனை வருடம் திறந்து மூடியும் ஒரு ஜாயின்ட்கூட விடவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது எல்லாரும் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி, இந்த ஆண்டு முழுவதும் நாம் பேசித் தீராத விஷயத்துக்கு வருகிறேன்.

பொதுப் பட்டறையில் மூன்று மிஷின் இருக்கிறது: ராடு வெல்டிங்குக்கு ஆயில் ஊற்றிய பழைய டிரான்ஸ்பார்மர் செட், சிஓ2 கேஸ் விட்டுக் கம்பியால் ஒட்டுகிற சிஓ2 மிஷின், ஆர்கான் கேஸும் டங்ஸ்டன் முனையும் வைத்து ஒட்டுகிற ஆர்கான் மிஷின். சொந்த மிஷின் இல்லாதவர்களும், மிஷின் ரிப்பேரில் கிடப்பவர்களும் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து வேலை பார்க்கிறார்கள். இதில் ஆர்கான் மிஷினின் எலக்ட்ரானிக் போர்டு இரண்டு முறை போய்விட்டது. அதைச் சரிசெய்வதற்குப் பதிலாக மூன்றையும் கொடுத்துவிட்டு, ராடு, கம்பி, ஆர்கான் மூன்று வேலையும் செய்கிற மல்டி பிராசஸ் மிஷின் ஒன்று வாங்கலாம் என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் இருந்தேன். இடம் மிச்சமாகும், ஒரே ஆள் தூக்கி வண்டியில் வைக்கலாம், டிரான்ஸ்பார்மர் செட்டைவிடக் கரண்டும் குறைவாக இழுக்கும். இதெல்லாம் உண்மை, இன்றும் மறுக்கவில்லை. கடைக்காரர் ஒருவர் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க மல்டி மிஷின் கொடுத்தார். பழைய மிஷின்களை நிறுத்திவிட்டு அதை மட்டும் ஓட்டினோம். அந்த ஒரு வாரம்தான் என் எண்ணத்தை மாற்றியது.

இரண்டாம் நாள் காலையிலேயே மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் ஸ்கூல் பஸ் சீட் ஃபிரேம், ராடு வெல்டிங்குக்கு. ஒருவரிடம் பீரோ ஷீட். மெல்லிசான தகடு, ராடு வைத்தால் ஓட்டை விழுந்துவிடும், சிஓ2தான் வைக்க வேண்டும். மூன்றாமவர் மாடிப்படிக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி, அதற்கு ஆர்கான். பழைய மிஷின்கள் மூன்றும் ஓடிய நாளில் மூவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று மதியச் சாப்பாட்டுக்குள் முடித்திருப்பார்கள். அன்று ஒருவர் வெல்டிங் வைக்க, இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குடியாத்தத்து அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "மிஷின் ஒண்ணு, ஆளு மூணு. கணக்கு எப்படி நைனா வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, பேனலில் பட்டன் தட்டுவதோடு முடிவதில்லை. சிஓ2விலிருந்து ஆர்கானுக்குப் போக, கையில் பிடித்து வெல்டிங் வைக்கிற டார்ச்சைக் கழற்ற வேண்டும், ரெகுலேட்டரை மாற்ற வேண்டும், எர்த்தையும் டார்ச்சையும் ப்ளஸ், மைனஸ் மாற்றிச் செருக வேண்டும். முப்பது வருடம் கை பழகிய நம் உறுப்பினர் ஒருவர், ராடு வெல்டிங்கை முடித்துவிட்டு ராடு ஹோல்டர் இருந்த ப்ளஸ்ஸிலேயே ஆர்கான் டார்ச்சைச் செருகிவிட்டார். ஆர்க், அதாவது வெல்டிங் தீப்பொறி, பற்றிக்கொண்ட மறுகணம், ஊசியாகத் தீட்டி வைத்திருந்த டங்ஸ்டன் முனை மெழுகுபோல் உருகி, மிளகு அளவு உருண்டையாகத் தொங்கியது. எஸ்எஸ் பைப்பில் கறுப்பாக ஒரு வடு. அதை கிரைண்டிங் பண்ணி பாலீஷ் போட்டு எடுப்பதற்குள் அரை மணி போய்விட்டது. தவறு அவருடையது என்று நான் நினைக்கவில்லை. தனி மிஷினாக இருந்தால் அந்தத் தவறு நடக்க வழியே இல்லை.

சிலிண்டர் செலவு குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறையாது. சிஓ2வை ஆர்கான் டார்ச்சில் விட்டால் டங்ஸ்டன் எரிந்துபோகும். சுத்த ஆர்கானை வைத்து இரும்பில் கம்பி வெல்டிங் போட்டால் ஆர்க் ஆடும், ஊடுருவல் சரியாக இருக்காது. மிஷின் ஒன்றானாலும் சிலிண்டர் இரண்டுதான்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மிஷினின் பின்பக்கத் தகட்டில் டியூட்டி சைக்கிள் என்று போட்டிருப்பதை வாங்குகிறவர்கள் பலர் படிப்பதில்லை. 200 ஆம்ப்ஸில் 30 சதவீதம் என்று இருந்தால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம்தான் அந்தக் கரண்டில் ஓட்டலாம், மீதி ஏழு நிமிடம் மிஷின் ஆற வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கணக்கே 40 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. கத்திரியில் வேலூரில் வெளியிலேயே 40ஐத் தாண்டுகிறது. தகரக் கூரைக்கடியில் கேட்கவே வேண்டாம். அப்போது அந்த மூன்று நிமிடமும் கிடைக்காது. கூடவே கிரைண்டிங் தூசி. பழுதான ஆர்கான் மிஷினின் மூடியைத் திறந்தபோது உள்ளே போர்டு முழுக்க அடுப்புக்கரி அப்பியது போலிருந்தது. விரலில் தொட்டுக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோனால் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவ்வளவும் இரும்புத்தூள். ஃபேன் இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தது. கட்டிங் வீல் ஓடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மிஷினை வைத்த பொறுப்பு நிர்வாகத்துடையது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டிரான்ஸ்பார்மர் செட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. காயில் எரிந்தாலும் உள்ளூரிலேயே கட்டிக்கொள்ளலாம். மல்டியில் போர்டு போனால் மூன்று வேலையும் ஒரே நாளில் நின்றுவிடும்.

இதனால் மல்டி மிஷின் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளிகொண்டாவில் தனி ஆளாகப் பட்டறை வைத்திருக்கும் நம் தம்பி அதைத்தான் வாங்க வேண்டும் என்று நானே சொன்னேன். அவருக்கு இருப்பது இரண்டு கை. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். சின்ன இடம், வாடகை வேறு. வாரத்தில் நாலு நாள் கேட், கிரில், ஒரு நாள் எஸ்எஸ். சைட்டுக்கும் தூக்கிப் போகலாம். மொட்டை மாடியில் காற்றடித்தால் கேஸ் பறந்து ஜாயின்டில் ஊசித்துளை விழும். அப்போது அதே மிஷினில் ராடுக்கு மாறிக்கொள்ளலாம். ராணிப்பேட்டை சிப்காட் வேலையை எடுத்து மூன்று வெல்டர் வைத்து ஓட்டுபவருக்கு இதே யோசனையைச் சொன்னால் அது அவருக்குச் செய்யும் கெடுதல். அவரவர் பட்டறையில் ஒரே நேரத்தில் எத்தனை ஆர்க் எரிகிறது என்று எண்ணிப் பார்த்தபிறகு விலையைக் கேளுங்கள்.

வாங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். விலை குறைவான மல்டி மிஷின் பலவற்றில் ஆர்கான் பக்கம் டிசி கரண்ட் மட்டுமே வரும். பைக் எஞ்சின் கேஸ், ரேடியேட்டர் என்று அலுமினியம் எடுத்து வருபவர்களுக்கு அது உதவாது, ஏசி கரண்டும் வேண்டும். இன்னொன்று, வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள். 200 ஆம்ப்ஸில் முழுதாக ஓட்டினால் சிங்கிள் ஃபேஸில் 30 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். 16 ஆம்பியர் ப்ளக்கில் செருகி ஓட்டினால் வயர் காயும். மெயினிலிருந்து தனி லைன் இழுத்து எம்சிபி (கரண்ட் கூடினால் தானே விழுகிற சுவிட்ச்) போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, செயற்குழுவின் பரிந்துரை இது. டிரான்ஸ்பார்மர் செட்டையும் சிஓ2 மிஷினையும் விற்க வேண்டாம். பழுதான ஆர்கான் மிஷினை மட்டும் கொடுத்துவிட்டு, அதன் இடத்தில் மல்டி மிஷின் ஒன்று வாங்கலாம். எஸ்எஸ் கைப்பிடி வேலைக்கு டங்ஸ்டன் பைப்பில் தொடாமல் பற்றுகிற ஹெச்எஃப் வசதி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். சாதாரண நாளில் அது ஆர்கானுக்கே இருக்கும். மற்ற இரண்டில் ஒன்று படுத்தால் கைகொடுக்கும். மூன்று கடைகளின் கொட்டேஷனும் ஒட்டிய உறையிலேயே பொருளாளரிடம் இருக்கின்றன. இங்கே உங்கள் முன்னால் பிரிக்கப்படும்.

கண் விஷயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். பொதுப் பட்டறையில் எடுபிடி வேலைக்கு வரும் பிள்ளைகள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஆர்க்கைப் பார்க்கிறார்கள். அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்தபிறகு கண்ணில் மணல் அள்ளிக் கொட்டியது போல் எரியும். வீட்டில் தாய்ப்பால் விடுகிறார்கள், உருளைக்கிழங்கு வைக்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம், கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 10ஆம் நம்பருக்குக் குறையாத கண்ணாடி போட்ட ஷீல்டு நாலு வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறோம். ஷீல்டு எடுக்காதவருக்கு மிஷின் சுவிட்ச் போடக் கூடாது என்று பட்டறைப் பொறுப்பாளருக்குச் சொல்லியாகிவிட்டது. எந்த உறுப்பினரும் அவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது.

கிரைண்டர் மேசையை மிஷின்களை விட்டு எதிர்ச்சுவருக்கு மாற்றி, நடுவில் தகரத் தடுப்பு வைக்கும் வேலையும், டிரான்ஸ்பார்மர் செட்டுக்கு ஆயில் மாற்றும் வேலையும் கத்திரி பிறப்பதற்குள் முடிய வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம். செட்டை நகர்த்த ஆறு பேராவது தேவை. பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டி,
செயலாளர்