ஓடைப் பாசன விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த மழையிலும் வந்திருக்கும் நீலகிரி கேத்தி பள்ளத்தாக்கு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் வழக்கம்போலக் கூடியது. சந்தா வசூல் பரவாயில்லை. உடைந்து கிடந்த தடுப்பணை சரி செய்யப்பட்டுவிட்டது. இவற்றை இத்துடன் நிறுத்திக்கொண்டு, சென்ற பொதுக்குழுவில் சத்தம் கூடிப்போன விஷயத்துக்கு வருகிறேன். ஓடையைக் கெடுப்பது ஊர்ச் சாக்கடை என்று ஒரு தரப்பும், தோட்டக்காரர்கள் என்று மறுதரப்பும் பேசியது நினைவிருக்கும்.

வாய்ச்சண்டை போதும் என்று, ஜூன் மாதம் முதல் கனமழை பிடித்த அன்று ஓடையில் மூன்று இடங்களில் பாட்டிலில் தண்ணீர் பிடித்தோம். முதலாவது, தோட்டங்களுக்கு மேலே சோலைக்காட்டு ஓரத்தில். இரண்டாவது, காய்கறித் தோட்டங்கள் முடியும் இடத்தில். மூன்றாவது, கேரட் கழுவும் மெஷின்களுக்குக் கீழே. மூன்றையும் சங்க அலுவலக ஜன்னலில் வைத்தோம். மறுநாள் காலையில் முதல் பாட்டிலின் அடியில் கொஞ்சம் சருகுத்தூள். இரண்டாவதில் ஒரு விரல் கனத்துக்குச் செம்மண். மூன்றாவது இன்னும் தெளியவே இல்லை.

அந்தச் செம்மண்ணை வெறும் சேறு என்று நினைக்க வேண்டாம். நம் மலை மண் அமில மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பயிருக்கு எளிதில் விடாது. அதனால்தான் உருளைக்கு எக்டருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 120 கிலோ என்றால் மணிச்சத்து 240 கிலோ என்று பரிந்துரையே இருக்கிறது. பயிர் எடுத்தது போக மீதி மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். மண் போகும்போது அதுவும் போகும். கடன் வாங்கிப் போட்ட சூப்பர் பாஸ்பேட்தான் பாட்டிலின் அடியில் படிந்திருக்கிறது. அது காட்டேரி அணையில் போய்த் தங்கினால் பாசிக்கு நல்ல தீனி; தங்காதது பவானி ஆறு வரை இறங்கும்.

தழைச்சத்தின் போக்கு வேறு. யூரியா மண்ணில் விழுந்து சில நாட்களிலேயே நைட்ரேட்டாக மாறத் தொடங்கிவிடும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீரில் கரைந்து கீழே இறங்கி, பிறகு எங்கோ ஒரு ஊற்றில் வெளிவரும். மழையே இல்லாமல் நீர் பாய்ச்சிப் பயிரிடும் நீர்போகப் பருவத்திலும் ஓடையில் அது இருக்கக் காரணம் இதுதான். இரண்டாவது பாட்டிலில் தெளிந்து நின்ற தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். சோலைத் தண்ணீரைவிட அதில் நைட்ரேட் கூடுதல். குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்; அதற்குள்தான் இருந்தது. சந்தோஷம்தான், ஆனால் ஒரு நாள் தண்ணீரை வைத்து நற்சான்று கொடுக்க நான் தயாரில்லை.

சாக்கடைத் தரப்பும் சொன்னதில் நியாயம் உண்டு. செப்டிக் டேங்க் கழிவும் மாட்டுத்தொழுவக் கழிவும் ஆண்டு முழுவதும் வருகின்றன. உரிய அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம்; பதில் வரவில்லை.

நம் கையில் இருப்பது மண்தான். சரிவில் மேலிருந்து கீழாகப் பார் (நடவுக்கான மண் வரப்பு) பிடித்தால் ஒவ்வொரு பாரும் ஒரு வாய்க்கால் ஆகிவிடும். தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகாமல் இருக்கத்தான் அப்படிப் பிடிக்கிறோம் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்வது உண்மையே. அதற்கு மாற்று, உள்சரிவு வைத்த படித்தளம். தண்ணீர் படியின் உட்பக்கம் ஒதுங்கி, வடிகால் வழியாக நிதானமாக இறங்கும். 1954 முதல் ஊட்டியில் இயங்கும் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையமும் இதைத்தான் சொல்கிறது. செலவு அதிகம் என்பதையும் மறைக்கவில்லை. முடியாதவர்கள் பாரைக் குறுக்கே திருப்பினாலே பாதிப் பலன் கிடைக்கும்.

ஓடையோரம் பத்தடி புல் விடச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். குத்தகை கொடுக்கும் விலையில் பத்தடியை விடுவது எளிதல்ல. ஆனால் பள்ளத்துச் சதுப்பு நிலங்களை எல்லாம் வடித்து நாம்தான் கேரட் போட்டோம். முன்பு மண்ணையும் தழைச்சத்தையும் அந்தச் சதுப்புதான் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தது. பத்தடி புல் அதற்குக் கொடுக்கும் சிறு வாடகை. நான்கு உறுப்பினர்கள் விட்டிருக்கிறார்கள். மாட்டுக்குத் தீவனமும் அறுக்கிறார்கள்.

கேரட் மெஷின்காரர்களில் ஒருவர் மட்டும் இரண்டு தொட்டி கட்டி, கழுவிய தண்ணீரைத் தெளியவிட்டு ஓடையில் விடுகிறார். படிந்த மண் திரும்ப அவர் தோட்டத்துக்கே போகிறது. மற்றவர்கள் "பார்க்கலாம்" என்கிறார்கள். இரண்டு ஆண்டாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். மழை வரும்போல் இருக்கும் நாளில் யூரியா வீசுவதில்லை, போடுவதையும் பிரித்துப் போடுவது. கோழி எரு மூட்டைகளை ஓடைக்கரையில் அடுக்காமல், மேட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது. கடைபோகப் பருவம் முடிவதற்குள் எல்லாக் கேரட் மெஷின்களுக்கும் தொட்டி; சங்க நிதியிலிருந்து ஒரு பகுதியைக் கடனாகத் தரலாம் என்பது செயற்குழுவின் கருத்து. எவ்வளவு தரமுடியும் என்பதைப் பொருளாளர் கணக்கு வாசித்தபின் விவாதிக்கலாம்.