குட்டியானை வண்டி ஓட்டி வந்த அண்ணனுக்கு நன்றி

அண்ணே, உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. யாராவது அவரிடம் இதைக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் தங்கி, ஊர்ப் பெண்களோடு சேர்ந்து ஒரு சுவர் செய்கிறோம். அவர்கள் வாசலில் போடும் கோலங்களே ஆத்தங்குடிக் கல்லாக, அதாவது கையால் செய்யும் சிமெண்ட் பூக்கல்லாக, வர வேண்டும் என்பது திட்டம். பட்டறையில் கண்ணாடி மேல் நிறக் கலவையை அவர்களே ஊற்றினார்கள். இந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது. தண்ணீரில் ஊறித்தான் இறுகும். ஒன்று உடைந்தாலும் அந்தக் கைக்கோடு திரும்ப வராது.

ஏற்றும் நாளில் பேசி வைத்த வண்டி வரவில்லை. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டோரம் கற்களோடு நின்ற எங்களைப் பார்த்து நீங்களாகவே நிறுத்தினீர்கள். பக்கத்துக் களத்தில் கேட்டு வைக்கோல் வாங்கி வந்து பரப்பினீர்கள். கற்களைப் படுக்க விடாமல், முகத்தோடு முகம் பார்க்க நிறுத்தி, நடுவே காகிதம் செருகினீர்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு வேகத்தடையிலும் குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் ஓட்டினீர்கள். ஒரு மூலைகூடச் சிதறவில்லை.

அதைவிடப் பெரிய உதவி அடுத்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆச்சிகளை, சொல்லாமலே திரும்பிப் போய்க் கூட்டி வந்தீர்கள். தங்கள் கல்லைத் தாங்களே இறக்கி வைத்ததில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

வாடகையும் வாங்காமல் போய்விட்டீர்கள். சுவர் முடியப்போகிறது, அண்ணே. வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அவசியம் வாருங்கள்.