ஓவியப் பீரியட் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஓவியம் என்று இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அதில் வாய்ப்பாடுதான் ஓடுகிறது. டீச்சரைக் குறை சொல்லவில்லை, ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர் இருக்கும் பள்ளியில் அவர் என்னதான் செய்வார்?

2009 கல்வி உரிமைச் சட்டம் கலைப் பாடத்துக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது, சரி, ஆனால் அது 6 முதல் 8 வரைதான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்! தமிழ்நாட்டில் 2012-ல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்களும் அந்த வகுப்புகளுக்குத்தான். கூச்சமில்லாமல் ஆடிப் பாடுகிற வயதுக்கு ஆளே இல்லை.

போன ஆண்டு விழாவில் பாட்டி வடை சுட்ட கதையை நாடகமாகப் போட்டார்கள். பெயர் கேட்டாலே தலை குனிகிற ஒரு பையன், கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டு காக்காவாக வந்தான், நரி பாடச் சொன்னதும் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு அவன் ‘கா’ என்று கத்திய கத்தலில் கடைசி வரிசை வரை சிரிப்பு. அவன் அம்மா அழுதேவிட்டார்.

நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்தாவது ஒரு கலை ஆசிரியரைப் போடலாம். அதுவரை பக்கத்து ஊர் தெருக்கூத்துக் கலைஞரையும் பறை வாசிப்பவரையும் மாதம் இரண்டு நாள் வரவழைத்து மதிப்பூதியம் கொடுக்கட்டும். கலர் பென்சிலை நாங்களே வாங்கித் தந்துவிடுகிறோம்.

– ஒரு மாணவியின் தந்தை