உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தை, புறக்கோட்டை புடவைக் கடை முதலாளிமாருக்கு வணக்கம்.

எட்டு வருடமாகப் புடவைக் கடைகளில்தான் வேலை செய்கிறேன். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. போன கிழமை, எங்கள் கவுண்டருக்குப் பின்னால் கிடந்த ஒரேயொரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் மேல்மாடி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். கஸ்டமர் வரும்போது ஆள் உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதை இல்லையாம். மூன்றாம் நாள், ஹட்டன் பக்கமிருந்து வந்து எங்களோடு போர்டிங்கில் இருக்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளை, காஞ்சிபுரம் ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே சரிந்து விழுந்தாள். "காலையில் சாப்பிட்டாயா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். மூன்று ரொட்டி சாப்பிட்டிருந்தாள். எத்தனை மணித்தியாலம் நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நின்றால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். காலுக்கு இறங்குகிற இரத்தம் தானாக எளிதில் மேலே ஏறாது, கெண்டைக்கால் தசை அசைந்து நாளங்களை அமுக்கினால்தான் நன்றாக ஏறும். நடக்கும்போது அது நடக்கிறது, ஒரே இடத்தில் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து, தலை சுற்றிவிடும். இதுவே வருடக்கணக்கில் போனால் நாளங்களுக்குள் இருக்கிற வால்வுகள் தளர்ந்து, நாளம் சுருண்டு நீலமாகப் புடைக்கிறது. என் இடது காலில் இருக்கிறது. இரவில் போர்டிங்குக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால் வார் பட்ட இடம் பள்ளமாகத் தெரியும், முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கினால் அந்தக் குழி மேலே வர நேரமெடுக்கும்.

இடுப்பு அதைவிட மோசம். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டுகளுக்கு நேரடியான இரத்த ஓட்டம் இல்லை, உடம்பு நிலை மாறி மாறி அசைந்தால்தான் அவற்றுக்கு நன்றாகச் சத்துப் போகும். அதனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் கெடுதல்தான், நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் உட்கார ஒரு ஸ்டூல், அவ்வளவுதான்.

இப்போது நாங்கள் எங்கே உட்காருகிறோம் தெரியுமா? கழிப்பறையில் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல். இரண்டு நிமிடம். அதற்குள் வெளியே கதவைத் தட்டிவிடுவார்கள். எட்டு வருடம் வேலை செய்தவள் உட்கார இடம் தேடிக் கழிப்பறைக்குப் போவதை எந்த மரியாதையில் சேர்ப்பது?

புடவை எடுக்கச் சென்னைக்கு அடிக்கடி போய் வருகிறீர்கள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்துவிட்டது. அதற்கு முன்னால் 2018இல் கேரளம். அங்கே அது சும்மா வரவில்லை, கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்று களைத்த பெண்கள் விஜி என்ற தையல்காரியோடு சேர்ந்து பல வருடம் போராடி வாங்கினார்கள். அங்கேயிருந்து புடவையை மட்டும் கொண்டுவருகிறீர்களே, அந்த ஸ்டூலையும் கொண்டுவந்தால் என்ன?

கோபமாக எழுதிவிட்டேன், எழுதியதை அழிக்கவும் மனமில்லை. சம்பளப் பிடிப்பு, லீவு, தீபாவளி நேரத்தில் இரவு பத்து மணி வரை நிற்பது எல்லாவற்றையும் பற்றிப் பேச இருக்கிறது, அது பிறகு. இப்போது பணிவாகக் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள். அதில் உட்கார்ந்ததற்காக யாரையும் ஏசாதீர்கள். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை திரும்ப வேலைக்கு வருகிறாள், அதற்கு முன்னால் மேல்மாடியில் இருக்கிற அந்தப் பழைய ஸ்டூலையாவது கீழே இறக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் நிற்கிற ஒருத்தி