செயலாளரின் ஆண்டறிக்கை: பெட்டகத்துக்குள் தங்கும் ஈரம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் டர்பன் துப்பாக்கிச் சங்கத்தின் வழக்கமான வேலைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழையால் தள்ளிப்போனவை தவிர, சுடுதளப் பயிற்சிகள் ஒழுங்காக நடந்தன. தைப்பூசக் காவடி, தீபாவளி வாரங்களில் கூட்டம் எதுவும் வைக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். துப்பாக்கி உரிமம் முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்கும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி ஈரத்துக்கே போனது. நம் தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பின் (SABS) 953 தரத்தில் செய்த பெட்டகத்தில்தான் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும். அதில் நம்மில் யாருக்கும் குறையில்லை. ஆனால் அந்தத் தரம் திருடனைத் தடுக்க வந்தது, ஈரத்தைத் தடுக்க அல்ல. கனத்த இரும்புப் பெட்டி, காற்றோட்டம் கிடையாது, வெளியே டர்பன் கடற்காற்று. அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் உறுப்பினர் பலருக்கும் தெரியும். தாத்தா காலத்து ஷாட்கன் குழலில் பொடிப்பொடியாகச் செந்துரு கண்டு மனம் நொந்தவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள்.

எல்லோரும் துருவுக்கு மருந்து கேட்டார்கள். முதலில் அளந்து பார்ப்போம் என்று செயற்குழு முடிவு செய்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். உறுப்பினர்கள் வைத்திருந்த சின்ன டிஜிட்டல் ஈரமானிகளை ஒரு கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். ஒரே மேசையில் வரிசையாக வைத்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண்ணைக் காட்டியது. அப்புறம் உப்புச் சோதனை செய்தோம். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்து ஓடாமல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரமானியோடு ஜிப் பையில் வைத்து இறுக்கி மூடினோம். இரவு முழுக்க அப்படியே இருந்தால் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். காலையில் 69 காட்டும் கருவிக்கு இனி 6 கூட்டிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தந்தக் கருவியின் முதுகில் வித்தியாசத்தை எழுதி ஒட்டிக் கொடுத்தோம்.

பிறகு இசிபிங்கோ, சாட்ஸ்வர்த், டொங்காட் பக்கம் விருப்பப்பட்ட உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போனோம். பெட்டகத்தை உரிமம் உள்ளவரே திறந்தார், அவரே மூடினார். நாங்கள் எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது பல வீடுகளில் பார்த்ததுமே புரிந்தது. கராஜில் வெறும் கான்கிரீட் தரைமேல் நிற்கும் பெட்டகம். குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் பெட்டகம். வெயிலே படாத தெற்குச் சுவரில் பொருத்திய பெட்டகம். உள்ளே நுரை வைத்த உறையில் படுத்திருக்கும் ரைஃபிள்: அந்த நுரை ஈரத்தைக் குடித்துக் குழலோடு ஒட்ட வைத்துக்கொள்கிறது. உறை பயணத்துக்குத்தான். பெட்டகத்துக்குள் துப்பாக்கி வெறுமையாக, எண்ணெய் தடவித் துடைத்து நிற்பதே நல்லது.

இரும்பு வேகமாகத் துருப்பிடிப்பது ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும்போது. விரல் வியர்வையோ கடல் உப்போ படிந்திருந்தால் அதற்கும் கீழேயே தொடங்கிவிடும். அதனால் 45 முதல் 50 வரை வைத்திருங்கள். அதற்கும் கீழே ரொம்ப இறங்கினால் மரக்கட்டை சுருங்கி வெடிக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலத்தைக் கழிப்பவர்களுக்கு அதுதான் தலைவலி. இன்னொன்று: வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்த இரும்பும் வியர்க்கும். நமக்குக் குளிர்காலமான ஜூன் மாதத்தில் டிராக்கன்ஸ்பர்க் மலைக் குளிரிலிருந்து வேட்டை முடித்து வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கி வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை உறையை மூடியே, உங்கள் கண் பார்வையிலேயே வைத்திருங்கள். பிறகு எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவிப் பூட்டுங்கள்.

பெட்டகத்துக்குள் வைக்கச் சூடேற்றும் மின்கம்பியா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளா என்று கூட்டத்தில் நல்ல விவாதம் நடந்தது. கம்பி ஈரத்தை எடுப்பதில்லை. உள்காற்றைச் சில டிகிரி சூடாக்குவதால் ஈரப்பதம் குறைகிறது. மின்சாரம் நின்றால் அந்தப் பலனும் நின்றுவிடும். 2023இல் லோட்ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டு வாட்டியபோது கம்பியை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. அதனால் இரண்டும் இருக்கட்டும் என்பது என் கருத்து. வயர் நுழையப் பெட்டகத்தில் நீங்களே துளை போடாதீர்கள், விற்றவரிடம் கேளுங்கள். ஜெல் குடிக்கும் ஈரத்துக்கு ஓர் எல்லை உண்டு. நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைத்தால் திரும்பவும் வேலை செய்யும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள்.

அலமாரிக்கென்று கடையில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது ஈரத்தை இழுத்து அடியில் உப்புநீராகச் சேர்க்கும். அந்த நீர் சாய்ந்து கொட்டினால் துருவை நாமே அழைத்து வந்த கதைதான். பெட்டகத்துக்குள் அது வேண்டவே வேண்டாம். அரிசி மூட்டை கட்டிப் போடலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அரிசி குடிக்கும் ஈரம் மிகக் கொஞ்சம், வண்டும் வந்துவிடும்.

தோட்டாக்களுக்கு வருகிறேன். இன்றைய தோட்டாக்கள் ஈரத்தை ஓரளவு தாங்கும். பழையவையும் தோல் பெல்ட்டில் செருகி வைத்தவையும்தான் கவலை. தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தானாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். ஆகவே அம்மோனியா கலந்த தரை கழுவும் திரவத்தைப் பெட்டகத்துப் பக்கம் வைக்காதீர்கள், அதைக் கொண்டு தோட்டாவைத் துடைக்கவும் கூடாது. ரப்பர் விளிம்பு உள்ள இரும்பு டப்பாவில், மழையில்லாத காய்ந்த நாளில், ஒரு ஜெல் பையோடு மூடி, டப்பாவைப் பெட்டகத்துக்குள் பூட்டி வையுங்கள். மூடிய தேதியை மேலே எழுதுங்கள். தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துப் பொடிக்கு ஈரத்தைவிட வெப்பமே பெரிய எதிரி, வெயில் காயும் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் நனைந்த தோட்டாக்களைச் சிலர் இன்னும் வைத்திருப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து அவற்றைச் சுட்டுப் பார்க்காதீர்கள். பாதி மருந்து எரிந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அடுத்த வெடியில் குழல் பிளக்கும். குப்பையிலும் போடாதீர்கள். காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். தனியாகப் போகத் தயங்குபவர்களோடு செயற்குழுவிலிருந்து ஒருவர் வருவார்.

வரும் ஆண்டில் ஜெல் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தரவும், கணவரை இழந்த நம் அக்காமார் வீடுகளில் பூட்டிக் கிடக்கும் பெட்டகங்களில் உள்ள துப்பாக்கிகளின் உரிம விவகாரத்தை முறைப்படி தீர்க்க உதவவும் திட்டமிட்டிருக்கிறோம். இரண்டாவது வேலை அவசரம். வீடு தேடி வந்து உப்புச் சோதனை செய்து காட்டிய இளைஞர்களுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீயும் வடையும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
டர்பன்