ஏலா (நெல் வயல்வெளி) விவசாயிகள் சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு, நான் வேப்பங்கொட்டை விசயத்த மட்டும் சொல்லிட்டு உக்காந்திருதேன், இந்த வருசம் பாதி நேரம் அதுலதான் போச்சு.

முதல் போக நெல்லு கன்னிப்பூவுக்கு கடைப் பூச்சிமருந்து வேண்டாம், வேப்பங்கொட்டைக் கரைசலே அடிப்போம்னு போன பொதுக்குழுவுல தீர்மானம் போட்டோம்லா, கொட்டையும் பொறுக்கியாச்சு, ஆனா ஆனி ஆடிச் சாரல்ல ஒழுங்கா ஒரு வெயில் கிடைக்கல, ஈரத்தோட பிளாஸ்டிக் சாக்குல கட்டி வச்சது, அவுத்துப் பாத்தா உள்ள பூராவும் பூஞ்சை. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, சாக்கு எங்க வீட்டுத் திண்ணையிலதான் இருந்துச்சு. வேப்பெண்ணெய வச்சு பூஞ்சைய அழிக்கதுக்கு ஐரோப்பாவுல 1994-ல குடுத்த பேட்டன்ட 2000-ல ரத்து பண்ணி, அப்பீலும் 2005-ல தள்ளுபடி ஆச்சு, அப்படி வழக்காடி மீட்ட வேம்பு, அதுலயே நான் பூஞ்சை வளத்திருக்கேன். பெறவு ஆரல்வாய்மொழி தாண்டிப் போயி காஞ்ச கொட்டையா வாங்கிட்டு வந்தோம், வண்டி வாடகை கணக்குல இருக்கு.

கரைசலுக்கு அளவு மறுபடியும் கேக்காவ. 5 கிலோ வேப்பம்பருப்ப இடிச்சு 10 லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பால் மாதிரி வாறத ரெண்டு மடிப்புத் துணியில வடிச்சு, 200 கிராம் காதி சோப்பு கரைச்சு 100 லிட்டர் ஆக்கணும். சோப்பு இல்லன்னா நெல்லு இலையில நிக்காது, உருண்டு விழுந்திரும். வடிக்காம ஊத்தி ரெண்டு ஸ்பிரேயர்ல நாசில் அடைச்சாச்சு. நட்டுச்ச வெயில்ல அடிச்சாலும் வேஸ்ட், புழுவ அடக்குத வேப்பஞ்சத்து அசாடிராக்டின் வெயில்ல சிதைஞ்சிரும், சாயங்காலம்தான் அடிக்கணும்.

"அடிச்சு மூணு நாளாச்சு, புழு உசுரோட இருக்கே"ன்னு எனக்கு போன் மேல போன். சுருண்ட இலைய விரிச்சுப் பாத்தோம், இலைச்சுருட்டுப்புழு உள்ள கெடக்கு, ஆனா புதுசா புழுக்கை இல்ல, இலையில புதுசா வெள்ளக் கோடும் இல்ல. தீனி நின்னு போச்சு, தோலுரிக்கவும் முடியாது. கடைமருந்து மாதிரி அன்னைக்கே செத்து விழும்னு பாத்துட்டு நிக்காதீங்க.

ஒரு மெம்பர் பயறுக்கு புகையிலைக் கசாயம் அடிச்சிட்டு தலை சுத்தி வாந்தி எடுத்தாரு. இலைதானன்னு வெறுங்கையால கலக்கினா புகையிலையில உள்ள நிக்கோட்டின் விஷம் தோல் வழியாவே ஏறும், சங்கத்துல இனி அத யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம். நொச்சி, எருக்கு, ஆடாதொடை போட்ட கரைசல்ல எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரல, அடிச்சுப் பாத்தவிய பேசட்டும். நெல்லுக்கு பூஞ்சையால வாற குலைநோய்க்கு பயந்து ரெண்டு பேரு கடைக்கு ஓடினாவ, அத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

வாற ஆனிக்கு முன்ன சணல் சாக்கும் தார்ப்பாயும் வாங்கணும், கொட்டை காயப்போட மொட்டை மாடி குடுக்கவிய கூட்டம் முடிஞ்சதும் பேரு குடுத்திருங்க. எங்க வீடு வேண்டாம்.